தோட்டம் யாருக்குச் சொந்தம்? போன் நகரத்துக் கன்னியர் ஆஸ்பத்திரியும் நம் மலையகமும்

இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பிரான்சில் வேலை செய்யும் அவருடைய அண்ணன் போன் என்ற ஊருக்குப் போய், கன்னியாஸ்திரிகள் நடத்திய பழைய தர்ம ஆஸ்பத்திரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாராம். அந்தக் காலத்திலேயே வைன் விற்ற காசில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் நடந்தது என்று அங்கே சொன்னார்களாம். அது உண்மையா, அதன் வரலாறு என்ன, இவ்வளவு தேயிலைத் தோட்டங்களும் இவ்வளவு ஏழைகளும் உள்ள நம் மலையகத்தில் அப்படி ஒன்று ஏன் உருவாகவில்லை என்பது அவருடைய கேள்வி.

உண்மைதான் தங்கச்சி. உங்கள் அண்ணன் பார்த்தது போன் நகரத்து ஓத்தெல் தியூ. பிரான்சில் பழைய ஊர்களின் தர்ம ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பொதுவாக வழங்கிய பெயர் அது. 1452இல் முதல் நோயாளியை ஏற்று, 1971இல் புதுக் கட்டடத்துக்கு ஆஸ்பத்திரி மாறும்வரை, ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள். நான் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்த ஆள். அதனால் இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கட்டடத்தின் அழகில் நிற்பதில்லை. மருந்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்ற இடத்திலேயே போய் நிற்கும். உங்கள் கேள்விக்கும் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

போன் இருப்பது பர்கண்டி என்ற பகுதியில். 15ஆம் நூற்றாண்டில் அது ஒரு கோமகனின் ஆட்சிக்குட்பட்ட நாடு. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த நூறாண்டுப் போரில் பர்கண்டி முதலில் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. 1435இல் அராஸ் என்ற இடத்தில் பிரெஞ்சு அரசனோடு சமாதானம் ஆனது. அந்த உடன்படிக்கையை முன்னின்று பேசி முடித்தவர் பர்கண்டிக் கோமகன் பிலிப்பின் பிரதான அமைச்சர் நிக்கொலா ரோலன். சமாதானம் வந்தாலும் ஊருக்கு நிம்மதி வரவில்லை. கூலி இல்லாமல் போன போர்வீரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களைச் சூறையாடினார்கள். பின்னாலேயே பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. போன் நகரத்து மக்களில் பெரும்பாலானோர் ஏதும் இல்லாதவர்களாகிவிட்ட காலம் அது.

அந்த நிலையில்தான், 1443 ஆகஸ்ட் 4ஆம் திகதி, ரோலனும் அவருடைய மனைவி கிகோன் தெ சாலனும் ஆஸ்பத்திரிக்கான சாசனத்தை எழுதினார்கள். ரோலனுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இந்த உலகத்துச் செல்வத்தைக் கொடுத்து மறு உலகத்துச் செல்வத்தை வாங்கிக்கொள்கிறேன் என்ற கருத்தைச் சாசனத்திலேயே வெளிப்படையாக எழுதினார். ஆள் ஒன்றும் மகாத்மா இல்லை. பதவியில் இருந்து பெரும் சொத்துச் சேர்த்தவர். இத்தனை பேரை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பது நியாயம்தான் என்று பிரெஞ்சு அரசன் பதினோராம் லூயி சொன்னதாக ஒரு கதை அங்கே இன்றும் வழங்குகிறது. கதை எப்படியோ, அவர் கொடுத்த விதம்தான் முக்கியம். அந்த விதத்தால்தான் ஆஸ்பத்திரி ஐந்து நூற்றாண்டு நின்றது.

கட்டடம் எழும்புவதற்கு முன்பே, வருடா வருடம் ஆயிரம் லீவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு) வருமானத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதிவைத்தார். சாலன் என்ற ஊரின் உப்பாலைகளிலிருந்து வரும் வருமானம் அது. கிகோன் அம்மாவின் குடும்பப் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. தினமும் காலையில் வாசலில் ஏழைகளுக்கு வெள்ளை ரொட்டி பங்கிட வேண்டும் என்றும் எழுதினார். கஞ்சிக்கு வழியில்லாத ஊரில் வைத்தியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ரொட்டியைப் பற்றி எழுதிய அந்தச் சாசனத்தை நான் மதிக்கிறேன். இரத்தசோகையோடு வரும் பெண்ணுக்கு இரும்புக் குளிசையை மட்டும் எண்ணிக் கொடுத்து அனுப்பிய எவருக்கும் அதன் அருமை புரியும்.

பிறகு மற்றவர்களும் கொடுக்கத் தொடங்கினார்கள். 1457இல் கியெமெத் லெவெர்னியே என்ற பெண் ஒரு திராட்சைத் தோட்டத்தைத் தானமாகக் கொடுத்தார். திராட்சைத் தோட்டத் தானங்களில் முதலாவது அதுதான். அதற்குப் பின் தலைமுறை தலைமுறையாக உயில் எழுதும்போது ஒரு துண்டு நிலத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதுவது அந்தப் பக்கத்து வழக்கமானது. வயலும் காடும் வந்தன. எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது திராட்சைத் தோட்டம்தான். இன்று அந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டம் ஏறத்தாழ 60 ஹெக்டெயர், அதாவது 150 ஏக்கர் அளவு. நம் பக்கத்தில் அது ஒரு தோட்டம்கூட ஆகாது, ஒரு டிவிஷன். ஆனால் பர்கண்டியின் பெயர்பெற்ற சரிவுகளில் இருக்கும் நிலம். அதில் விளைவதை ஆஸ்பத்திரியே வைனாக்கி விற்றது. 1859இலிருந்து பகிரங்க ஏலமாக விற்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு அந்த ஏலம். உலகம் முழுவதிலுமிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். பழைய கட்டடம் அருங்காட்சியகமாகிவிட்ட பிறகும் ஏலக் காசு இன்றைய நவீன ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஒரு பீப்பாயின் முழு வருமானத்தை வேறு தர்ம காரியங்களுக்கென்று தனியாக ஒதுக்குவதும் உண்டு.

கட்டடத்தைப் பற்றி உங்கள் அண்ணனே நிறையச் சொல்லியிருப்பார். தெருவிலிருந்து பார்த்தால் எளிமையான கற்சுவர். உள்முற்றத்துக்குள் போனால் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாகப் பளபளக்கும் ஓட்டுக் கூரை. தரை ஓடுகளில் ரோலனின் பெயரெழுத்தும் கிகோனின் பெயரெழுத்தும் பின்னிக் கிடக்கும். உனக்கு நிகர் நீ ஒருத்தியே என்ற பொருளில் கணவர் மனைவிக்கு எழுதிய சொல்லும் கூடவே இருக்கும்.

ஏழைகளின் மண்டபம் என்ற பெரிய அறையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஐம்பது மீற்றர் நீளம், பதினான்கு மீற்றர் அகலம், பதினாறு மீற்றர் உயரம். இரண்டு பக்கமும் வரிசையாக முப்பது கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்புத் திரை. அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு கட்டிலில் இரண்டு நோயாளிகளும் படுத்திருக்கிறார்கள். மண்டபத்தின் ஒரு முனையில் சிற்றாலயம். எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்தபடியே பூசை கண்டார்கள். பீடத்துக்கு மேலே ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம், பல மடிப்புப் பலகைகளில். வாரநாட்களில் பலகைகள் மூடியிருக்கும். மூடிய பக்கத்தில் புனித செபஸ்தியாரும் வனத்து அந்தோனியாரும். கொள்ளைநோய் வந்தால் ஒருவரிடமும், கெட்டுப்போன தானியம் தின்று உடல் எரியும் நோய் வந்தால் மற்றவரிடமும் மன்றாடுவது அன்றைய ஐரோப்பியர் வழக்கம். ஞாயிறும் திருநாளும் வந்தால் பலகைகளைத் திறப்பார்கள். நடுவில் மிக்கேல் சம்மனசு தராசைப் பிடித்தபடி ஆத்துமாக்களை நிறுத்துக்கொண்டிருப்பார். நோயில் கிடப்பவர் கண்முன் இப்படி ஒரு படத்தை வைக்கலாமா என்று இன்று நமக்குத் தோன்றும். உடம்பை விட ஆத்துமத்தைக் காப்பாற்றுவதே பெரிது என்று ஒரு சமூகம் முழுவதும் நம்பிய காலம் அது. அதே ஆட்கள்தான் கட்டடத்துக்கு அடியில் பூசேஸ் என்ற ஆற்றை ஓடவிட்டுக் கழிவெல்லாம் போக வழி செய்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஓடும் நீரின்மேல் ஆஸ்பத்திரி கட்டியது பெரிய சுகாதார அறிவு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கக்கூஸ் கேட்டு நம் ஆட்கள் எத்தனை தலைமுறை போராடினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

இனி கன்னியர். தொடக்கத்தில் வடக்கேயிருந்து பெகின் என்ற பெண்கள் குழுவினரை அழைத்து வந்தார்கள். துறவிகள்போல் கூடி வாழ்ந்தாலும் முழுத் துறவு வாக்குக் கொடுக்காத பெண்கள் அவர்கள். நிருவாகத்தில் சச்சரவு வந்தது. 1459இல் ரோலன் புதிய ஒழுங்குவிதியை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து போன் நகரத்து ஆஸ்பத்திரிக் கன்னியர் என்று தனிச் சபையாகவே அவர்கள் வளர்ந்தார்கள். அந்த விதியை பர்கண்டியிலும் பக்கத்து நாடுகளிலும் சுவிட்சர்லாந்திலும் பல ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன. கதவடைத்துச் செபம் சொல்லும் மடம் இல்லை இது. சமையல், துணி வெளுப்பு, மூலிகைத் தோட்டம், மருந்துச்சாலை, புண் கழுவுதல், செத்தவரைக் குளிப்பாட்டுதல் எல்லாம் இவர்கள் கையால் நடந்தன. 1462இல் ரோலன் இறந்தபின் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டது கிகோன் அம்மாதான். 1470இல் அவர் இறந்தார். ரோலனை வேறு ஊரில் அடக்கம் செய்தார்கள். கிகோனை நோயாளிகளின் மண்டபத்துச் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மருந்துச்சாலை இன்றும் பார்வைக்கு இருக்கிறது. கன்னியரே மருந்து இடித்தார்கள், காய்ச்சினார்கள், வடித்தார்கள். அலமாரியில் வரிசையாக நிற்கும் சாடிகளின் மேல் எழுதியிருக்கும் பெயர்களில் நண்டின் கண் என்பது ஒன்று, ஈரமான கல்லுக்கடியில் வாழும் சிறு பூச்சியின் பொடி ஒன்று. இன்னொன்றைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு உடனே தெரியும்: எட்டிக்கொட்டைப் பொடி. எட்டி மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையின் உலர்வலயக் காடுகளிலும் வளர்வது. நம் பரியாரிமார் சுத்தி செய்து, அளவு பார்த்து, பயந்து பயந்து பயன்படுத்திய அதே நஞ்சு, கடல் தாண்டிப் போய் ஒரு பிரெஞ்சுக் கன்னியின் உரலில் இடிபட்டிருக்கிறது. சமையலறையில் பெரிய அடுப்பு, அதன்மேல் இறைச்சிக் கம்பியைத் தானாகச் சுற்றும் 1698ஆம் வருடத்துப் பொறி, அதை இயக்குவதுபோல் நிற்கும் ஒரு பொம்மை மனிதன். அதற்கு பெர்த்ராந்து ஐயா என்று கன்னியர் பெயர் வைத்திருந்தார்கள்.

குறை இல்லாத இடமென்று நினைத்துவிடாதீர்கள். காலப்போக்கில் பணக்கார நோயாளிகளுக்கென்று தனி அறைகள் வந்தன. 1645இல் ஊக் பெத்தோ என்ற கொடையாளரின் காசில் உருவான புனித ஊக் அறையில் இருந்த வசதி ஏழைகளின் மண்டபத்தில் இருக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே மண்டபத்தில் கிடப்பதைக் கண்டு முகம் சுளித்த பதினான்காம் லூயி மன்னன் 1658இல் காசு கொடுத்த பிறகுதான் அதைப் பிரிக்கும் ஏற்பாடு நடந்தது. தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தவர்களும் கூலிக்காரர்கள்தான். ஆனாலும் ஒன்றைப் பாருங்கள். அந்த மண்டபத்தின் வாசலில் யாரும் நோயாளியிடம் நீ யாருடைய ஆள், எந்தப் பேரேட்டில் உன் பெயர் இருக்கிறது, நாளைக்கு வேலைக்கு வருவாயா என்று கேட்கவில்லை. ஏழையாக இருந்தது போதும், நோயாளியாக இருந்தது போதும். ஏனென்றால் நிலம் ஆஸ்பத்திரியின் பெயரில் இருந்தது. தோட்டம் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம்.

நம் மலையகத்தில் ஆஸ்பத்திரி தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கோப்பிக் காலத்து ஆட்களில் எத்தனையோ பேர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே செத்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் படுத்துவிட்டால், வேலைக்கு உதவாதவர்களை ரோட்டுக்கு அனுப்பிவிடுவது நடந்தது. கடைசி மூச்சில் இருப்பவர்களைத்தான் கண்டி, கம்பளை ஆஸ்பத்திரிகளில் கொண்டுவந்து போட்டார்கள். 1869இல் கம்பளை ஆஸ்பத்திரியைப் பற்றி டொக்டர் வான் டோர்ட் எழுதிய அறிக்கை இந்தக் கொடுமையை அரசாங்கத்தின் முன் வைத்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் எதிர்த்தார்கள். இருந்தும் 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான முதல் சட்டம் வந்தது. 1880இல் அதை மாற்றினார்கள். 1912இல் 9ஆம் இலக்கச் சட்டமும் தொழிலாளரிடையே பரவும் நோய்களுக்கான 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. அரசாங்கம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்தது. தானே டிஸ்பென்சரி, ஆஸ்பத்திரி வைத்து நடத்தும் தோட்டத்துக்குச் சலுகை கொடுத்தது.

இந்தச் சட்டங்களால் உயிர்கள் தப்பின. அதை மறுப்பது நன்றி கெட்ட பேச்சு. தோட்டத்துக்கு டிஸ்பென்சரி வந்தது, மருத்துவச்சி வந்தாள், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பரா வந்தது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு கணக்கின்மேல் நின்றது: ஆள் சுகமாக இருந்தால் கொழுந்து கூடும். டிஸ்பென்சரியில் கொடுக்கும் துண்டுதான் ஒருவர் அன்றைக்கு மலைக்குப் போகாமல் இருக்கலாமா என்பதைத் தீர்மானித்தது. காய்ச்சலோடு வந்த பெண்ணின் கண் என் கையிலிருந்த மருந்துப் போத்தலில் இருக்காது. துண்டு எழுதுவேனா இல்லையா என்று பேனாவையே பார்த்திருப்பாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இரண்டு நாள் துண்டு கூடுதலாக எழுதினால் மேலே பதில் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்கும் ஆள் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார் என்பது மருந்தின் அளவுக்குள்ளேயே கலந்துவிடும். இது எந்த ஒரு தோட்டத்தின் குற்றமும் இல்லை, ஏற்பாடே அப்படி. தோட்டத்து வேலைப் பேரேடான செக்ரோலில் பெயர் உள்ளவருக்கு ஒரு பார்வை, பெயர் இல்லாத கிழவருக்கு இன்னொரு பார்வை. மலையில் நாற்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்த கிழவி, பென்ஷன்காரி என்ற பெயரோடு வரிசையின் கடைசியில் நிற்பாள்.

இதைவிட வருத்தம் தரும் ஒன்று உண்டு. இந்த மலையில் மருந்தே விளைந்திருக்கிறது. 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்தைத் தொடங்கியதே சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான். கோப்பியை இலைநோய் அழித்த 1880களில் துரைமார் மலை மலையாகச் சிங்கோனா நட்டார்கள். மலேரியாவுக்குக் கொயினா எடுக்கும் பட்டை அது. இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. பட்டை உரித்தது நம் ஆட்கள். அதில் ஒரு மரத்தையாவது ஓர் ஆஸ்பத்திரியின் பெயருக்கு எழுதிவைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. விலை விழுந்ததும் மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

அப்படியானால் கன்னியர் எங்கே போனார்கள்? அவர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டு மலை ஒன்றின் வழியாக. எலேன் தெ சப்போத்தென் என்ற பிரெஞ்சுப் பெண், துறவுப் பெயர் மரி தெ லா பாசியோன், மதுரை மறைத்தளத்தில் பணி செய்தவர். அங்கே சபைக்குள் ஏற்பட்ட பிரிவினையால் 1876இல் தன்னோடு இருந்த சகோதரிகளுடன் ஊட்டிக்குப் போனார். 1877இல் அங்கே பிறந்ததுதான் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை. உதகமண்டலத்தில் பிறந்த அந்தச் சபையின் சகோதரிகள் 1886இல் கொழும்புக்கு வந்து பெரியாஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார்கள். இலங்கையில் தாதியர் சேவை வளர்ந்த கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஏழை பணக்காரன், சாதி சமயம் பாராமல் புண் கழுவியவர்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொழும்புக்கு அனுப்பப்பட்ட தோட்டத்து ஆட்கள், மொழி தெரியாத அந்த நகரத்தில் மதர்மார் என்று அழைத்த அந்தக் கன்னியரின் வெள்ளை உடுப்பைத்தான் நம்பினார்கள்.

ஆனால் அவர்களுக்கும் போன் நகரத்துக் கன்னியருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கொழும்பில் அவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்தார்கள். கட்டடம் அரசாங்கத்துடையது, மருந்து அரசாங்கத்துடையது, அனுமதியும் அரசாங்கத்துடையது. 1956க்குப் பிறகு நாட்டின் அரசியல் காற்று மாறியது. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1960களின் முற்பகுதியில் கன்னியரை அரசாங்க ஆஸ்பத்திரிகளிலிருந்து விலக்கினார்கள். எடுத்துக்கொண்டு போக அவர்களிடம் ஒன்றும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் சொத்து இல்லை. நோயாளிகளுக்குத்தான் இழப்பு.

மலையகத்துக்குக் கன்னியர் வந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குத்தான். கண்டியில் நல்லாயன் கன்னியர் மடம் 1889இல் தொடங்கியது. அங்கும் பிறகு மலைநகரங்களிலும் பெண்பிள்ளைகளின் படிப்பு, அநாதைப் பிள்ளைகளின் பராமரிப்பு என்று அவர்களுடைய கை அந்தப் பக்கம் ஓடியது. லயத்துக்குள் நோய் பார்க்க வர வேண்டுமானால் தோட்டத்துக்குள் நுழைய வேண்டும். தோட்டத்துக்குள் நுழையத் துரையின் சம்மதம் வேண்டும். சட்டப்படி அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு டிஸ்பென்சரி இருக்கிறது. நிலமோ ஒரு அங்குலம் கூடத் தொழிலாளருக்கும் இல்லை, திருச்சபைக்கும் இல்லை, எல்லாம் கம்பனியுடையது. நிலம் கொடுக்கக்கூடிய கையில் கருணை இல்லை, கருணை உள்ள கையில் நிலம் இல்லை. தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இங்கே வேர்விட இடமே இருக்கவில்லை.

இது வெள்ளைக்காரர் நாட்டுப் புண்ணியம், நமக்குத் தெரியாத வழக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து கட்டில் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வைத்தியர், சத்திரவைத்தியர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்க்கும் பெண்கள் எல்லாருக்கும் நெல்லும் காசும் எவ்வளவு என்று அதில் வெட்டியிருக்கிறது. மருந்துகளின் பெயர் உட்பட. அது கோயில் ஊழியருக்கும் அங்கே படித்த மாணவருக்குமான சாலை, ஊர் முழுவதற்கும் திறந்ததில்லை. ஆனாலும் நிலத்தின் வருமானத்தை மருந்துக்குக் கட்டிவைக்கும் யோசனை அதுவேதான். நம் தீவிலேயே மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரியின் அத்திவாரமும், நோயாளியைப் படுக்க வைத்த கல் மருந்துத் தொட்டியும் கிடக்கின்றன. பொலன்னறுவையில் பராக்கிரமபாகு காலத்து ஆஸ்பத்திரியும் உண்டு. அரசர்கள் கிராமங்களையும் வயல்களையும் எழுதிவைத்து நடத்தியவை அவை. இந்த மண்ணில் முன்பு இருந்த வழக்கம்தான் கோப்பித் தோட்டத்தில் இடம்பெறாமல் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே அறிவீர்கள். 1948இல் நம் ஆட்களின் பிரசாவுரிமை போனது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இந்தியாவுக்கு அனுப்பவென்று தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களைப் பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டத்து ஆட்கள் பசியாலேயே செத்தார்கள். தோட்டத்தை எடுத்தபோது ஆஸ்பத்திரியும் ஒரு கட்டடமாகக் கூடவே போனது. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்கு மாறியபோது ஆஸ்பத்திரியும் மறுபடி கைமாறியது. பிறகு அரசாங்கச் சுகாதாரத் துறை சிலவற்றைப் பொறுப்பெடுத்தது, பல அப்படியே ஓட்டை விழுந்து நிற்கின்றன. 2017 மே மாதத்தில் டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி திறந்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். கட்டடம் வந்தது நல்லது. நாளைக்கு ஸ்கேன் மெஷின் பழுதானால், டொக்டர் இடமாற்றம் கேட்டுப் போனால், அதற்கென்று சொந்தமாக ஒரு வருமானமும் இல்லை. கொழும்பின் கையைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

போன் நகரத்தில் 1971இல் நோயாளிகள் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள், கன்னியரின் காலமும் முடிந்தது. ஏழை நோயாளிக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. 1457இல் ஒரு பெண் எழுதிக் கொடுத்த நிலத்தைத் தொடர்ந்து சேர்ந்த தோட்டம் அதே பெயரில் இருக்கிறது, நவம்பரில் ஏலம் நடக்கிறது, காசு ஆஸ்பத்திரிக்கு வருகிறது. அன்பு உள்ள ஆட்கள் வருவார்கள், போவார்கள். நிலம் எழுதியிருந்தால்தான் அவர்கள் போன பிறகும் மருந்து வரும்.

இப்போது பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நிலம் கொடுத்திருப்பது 1992இலிருந்து 53 வருடக் குத்தகை. 2045இல் அது முடிகிறது. நம் தலைவர்களும் சங்கங்களும் வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் நிலம் என்று பேசுகிறார்கள். அது கட்டாயம் வேண்டியதுதான். அதோடு சேர்த்து இன்னொன்றையும் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். புதுக் குத்தகை எழுதும்போது ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மலையை, அதாவது ஒரு துண்டுத் தேயிலை நிலத்தைப் பிரித்து, அந்தப் பகுதி ஆஸ்பத்திரியின் பெயருக்கு எழுத வேண்டும். கம்பனிக்கும் வேண்டாம், சங்கத்துக்கும் வேண்டாம், அமைச்சுக்கும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே. அந்த மலையின் கொழுந்தை யாரும் எடுக்கட்டும், தொழிற்சாலை யாருடையதாகவும் இருக்கட்டும், விற்ற காசு மருந்துக்கும் தாதிமாருக்கும் அம்புலன்சுக்கும் போகட்டும். சட்டம் படிக்கும் பிள்ளைகள் இப்போது நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஒன்று தன் பெயரிலேயே நிலம் வைத்திருக்க இலங்கைச் சட்டத்தில் எந்த வழி பொருந்தும், நம்பிக்கைப் பொறுப்பா, தனிச் சட்டமா என்று அவர்கள் தேடிப் பார்த்து எழுதினால், 2045க்கு முன் பேச ஒரு தாள் கையில் இருக்கும்.